மர்த்தினிக் ரம்: ஐஸ் இல்லாமல், அவசரம் இல்லாமல்

கரீபியன் கடலில் இருக்கும் மர்த்தினிக் தீவின் சின்னக் கடைகளில் தி-போன்ஷ் என்ற ரம் பானத்தைக் கேட்டால் யாரும் அதைக் கலந்து கொண்டுவந்து தருவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிக் குவளை வரும். சிறு தட்டில் நறுக்கிய எலுமிச்சை, கரும்புச் சர்க்கரை அல்லது பாகு, ஒரு கரண்டி. கடைசியாக ரம் பாட்டில். அதை முழுசாக மேசைமேல் வைத்துவிட்டு, கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். எவ்வளவு ஊற்றிக்கொள்வது என்பது நம் பாடு. 'அவரவர் சாவை அவரவரே கலந்துகொள்ள வேண்டியது' என்று இதற்கு அங்கே ஒரு சொலவடை இருக்கிறது. பாட்டிலில் இருப்பது 50 சதவீதம், சில கடைகளில் 55 சதவீதம் வீரியமுள்ள வெள்ளை ரம். ஐஸ் கிடையாது, சோடா கிடையாது. குவளைக்குள் போவது மூன்றே பொருள்கள்.

கரீபியன் விடுமுறை என்றதும் நமக்குப் படங்களில் காட்டப்படுவது வேறு ரகம். உயரமான கிளாஸ், அதில் இரண்டு மூன்று நிறங்கள், விளிம்பில் செருகிய அன்னாசித் துண்டு, பின்னால் நீலக்கடல். அவற்றையும் குடித்துப் பார்த்தேன். ரம்மை மறைக்கிற பானத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பதே என் முடிவு. மறைத்துக் குடிக்க வேண்டிய ரம் உலகில் நிறைய இருக்கிறது. மர்த்தினிக்கின் ரம் அந்த வகை இல்லை.

பாரிஸில் இருக்கும் என் தங்கையோடு போயிருந்தேன். அவள் குடிப்பதில்லை, ஆனால் பிரெஞ்சு பேசுவாள், மலைப்பாதையில் வண்டி ஓட்டுவாள். ரம் வடிக்கும் ஆலைகளுக்கு, வடிசாலை வடிசாலையாக ஏறி இறங்கும் பயணத்துக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. இது பிரான்ஸின் மண், சாலைச் சட்டமும் பிரான்ஸின் சட்டம்தான். மது விஷயத்தில் கண்டிப்பு அதிகம். தீவின் பொதுப் பேருந்துகளை நம்பி வடக்குக்குப் போய்த் திரும்புவதும் கஷ்டம். ஆகவே குடிக்காத ஒருவர் கூட இருக்கட்டும் என்று போகிற எல்லோருக்கும் சொல்வேன். இன்னொன்று: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா மட்டும் இங்கே பொதுவாகச் செல்லாது. பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவில் குறிப்பு இருக்க வேண்டும்.

நாங்கள் முதலில் தங்கிய விடுதி தென்மேற்கே, த்ருவா-இலே பக்கம், கடலைப் பார்த்தபடி இருந்தது. வரவேற்பு பானமாக 'பிளாந்தர்' கொடுத்தார்கள். தீவின் புகழ்பெற்ற பழரச ரம் பானம் அது. அங்கே வந்தது சிவப்பு நிறத்தில் ஒரு சர்க்கரைத் தண்ணீர். டப்பா ஜூஸ், கிரெனடின் பாகு, அடியில் எங்கோ ஒரு துளி ரம். பட்டியலில் மொஹீட்டோவும் பீன்யா கொலாதாவும் இருந்தன. மொஹீட்டோ கியூபாவுடையது, பீன்யா கொலாதா போர்ட்டோ ரிக்கோவுடையது. இரண்டும் நல்ல பானங்கள்தான், ஆனால் அவற்றை அவற்றின் ஊரில் குடிப்பதே முறை. உலகம் முழுக்க ஒரே பட்டியலை நீட்டுகிற விடுதி பார்களில் ஒரு தீவின் ருசி சிக்காது. மறுநாளே வடக்கே கிளம்பிவிட்டோம்.

இந்த ரம்மில் என்ன விசேஷம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்ற எதுவும் விளங்காது.

நமக்குத் தெரிந்த ரம், ஓல்ட் மங்க் உட்பட, மொலாசஸிலிருந்து வருகிறது. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகைப் புளிக்கவைத்து வடிப்பது. உலகில் தயாராகும் ரம்மில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். மர்த்தினிக்கில் பெரும்பாலான வடிசாலைகள் அப்படிச் செய்வதில்லை. வெட்டிய கரும்பை உடனுக்குடன் ஆலையில் கொடுத்துச் சாறு பிழிந்து, அந்தப் பச்சைச் சாற்றையே புளிக்கவைத்து வடிக்கிறார்கள். இதற்கு 'ரம் அக்ரிகோல்' என்று பெயர். காரணம் வரலாற்றில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கக் கற்றுக்கொண்டது. 1880-களில் கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தது. தோட்டங்கள் கடனில் மூழ்கின. சர்க்கரை செய்து கட்டுப்படியாகாத தோட்டக்காரர்கள் சாற்றை நேரடியாக ரம்மாக்கத் தொடங்கினார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த முறைக்கு 1996-இல் பிரான்ஸ் ஏ.ஓ.சி. அந்தஸ்து கொடுத்தது. நம் புவிசார் குறியீடு போன்றது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் விதிகள் இன்னும் இறுக்கமானவை. எந்த ஊர்களின் கரும்பு, எந்த மாதங்களில் வெட்டலாம், எத்தனை மணிநேரம் புளிக்கலாம், எவ்வகை வடிகலம், வடிகலத்திலிருந்து எந்த வீரியத்தில் இறங்க வேண்டும் என்று எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். வடிகலத்திலிருந்து 65-க்கும் 75-க்கும் இடைப்பட்ட சதவீதத்தில்தான் இறங்கலாம். அதற்குமேல் சுத்தப்படுத்தினால் கரும்பின் குணம் போய்விடும் என்பது இதன் பின்னால் இருக்கும் நியாயம்.

கரும்பு வெட்டு பிப்ரவரியில் சூடுபிடித்து ஜூன்வரை போகும். முடிந்தால் அந்த மாதங்களில் போங்கள். மற்ற மாதங்களில் வடிசாலைகள் அருங்காட்சியகம்போல் அமைதியாக இருக்கும். வெட்டு நேரத்தில் டிராக்டர்கள் கரும்பைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன, பல்சக்கரங்கள் சுழல்கின்றன, பிழிந்த சக்கையே கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. வெளியிலிருந்து விறகோ எண்ணெயோ பெரிதாகத் தேவைப்படுவதில்லை. தங்கை உள்ளே நுழைந்த உடனே, "அக்கா, நம்ம ஊர் கரும்பு ஜூஸ் வண்டி பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். அதேதான். பிழிந்த புல்லின் பச்சை வாசனை, கொஞ்சம் மண், கொஞ்சம் புளிப்பு. ஆச்சரியம் என்னவென்றால் புளித்து, கொதித்து, ஆவியாகி, குளிர்ந்து, பாட்டிலில் அடைபட்ட பிறகும் அந்த வாசனை அப்படியே ரம்மில் இருக்கிறது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது அதுதான். வனிலாவும் இல்லை, எரித்த சர்க்கரையும் இல்லை.

நாங்கள் பார்த்த வடிசாலைகளில் என் மனதைப் பிடித்துக்கொண்டது சேன்-பியேரில் இருக்கும் தெபாஸ். மோன் பெலே எரிமலையின் அடிவாரச் சரிவில், கடலை நோக்கி இறங்கும் கரும்புக்காட்டுக்கு நடுவே நிற்கிறது. சேன்-பியேர் ஒருகாலத்தில் தீவின் பெரிய நகரம், ரம் வாணிபத்தின் தலைநகரம். 1902 மே 8 காலை எட்டு மணிவாக்கில் எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் நகரமே இல்லாமல் போனது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். தெபாஸ் குடும்பமும் அதில் அழிந்தது. விக்தோர் தெபாஸ் என்ற இளைஞர் மட்டும் படிப்புக்காக பிரான்ஸில் இருந்ததால் தப்பினார். அவர் திரும்பிவந்து, அதே மலைச்சரிவில் மறுபடி கரும்பு நட்டு, 1917-இல் வடிசாலையை எழுப்பினார். எரிமலைச் சாம்பல் மண்ணில் விளையும் கரும்பு. அங்கே ருசிபார்க்கத் தந்த வெள்ளை ரம்மில் மிளகுக் காரம்போல ஒன்று நாக்கின் ஓரத்தில் நின்றது. அதை மண்ணின் குணம் என்று அங்கிருந்தவர் சொன்னார். நான் நம்பினேன்.

இனி தி-போன்ஷுக்கு வருகிறேன். இதைச் சரியாகக் கற்றுக்கொண்டது லெ கார்பே கடற்கரையில், நெஸ்ஸோன் வடிசாலை இருக்கும் ஊரில். தகரக் கூரை, நான்கைந்து மேசைகள், நடத்துபவர் வயதான அம்மா ஒருவர். நான் எலுமிச்சையைக் கால்வாசியாகப் பிழியப்போனதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். எலுமிச்சையின் பக்கவாட்டிலிருந்து காசு அளவுக்கு ஒரு சில்லு சீவ வேண்டும், தோல் அதிகம், சதை கொஞ்சம். அதை இரண்டு விரலால் குவளைக்குமேல் நசுக்கும்போது சாறு இரண்டு மூன்று சொட்டுதான் விழும். முக்கியம் தோலில் இருக்கும் எண்ணெய். சில்லையும் உள்ளே போட்டுவிட வேண்டும். பிறகு பாகு, ஒரு சின்னக் கரண்டி, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. இரண்டையும் முதலில் கலக்க வேண்டும். பிறகே ரம்.

கலக்குவதற்கு 'புவா லேலே' என்று ஒரு குச்சி. தீவில் வளரும் ஒரு மரத்தின் கிளை. நுனியில் சிறு கிளைகள் நட்சத்திரமாக விரியும்; அவற்றைக் கட்டையாக நறுக்கிவிட்டு, காம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக் கடைவார்கள். பெரும்பாலான கடைகளில் இப்போது கரண்டிதான். அந்த அம்மாவிடம் குச்சி இருந்தது.

அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. கரும்பு இந்தத் தீவுக்கு உரியதில்லை. நியூகினியில் மனிதன் வளர்க்கத் தொடங்கி, இந்தியாவில் சர்க்கரையாகி, அரபியர் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியனுக்கு வந்தது. எலுமிச்சை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பியது. அங்கே பயன்படும் சின்னப் பச்சை எலுமிச்சையும் நம் வீட்டு எலுமிச்சையும் ஒரே இனம். நம்மூரில் பழுத்து மஞ்சளானதும் பறிக்கிறோம், அவர்கள் பச்சையாகவே பறிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள். மேசைமேல் இருந்தவற்றில் அந்தத் தீவுகளுக்கே உரியது கடைகிற குச்சி மட்டும்தான்.

முதல் வாய் சுள்ளென்று ஏறும். தொண்டையில் சூடு இறங்கும். கொஞ்சம் பொறுத்தால் எலுமிச்சைத் தோலின் கசப்பும் கரும்பின் பசுமையும் தனித்தனியாகத் தெரியவரும். அரைமணி நேரம் ஒரே குவளையை வைத்துக்கொண்டு பேசுவதுதான் அங்கத்திய வழக்கம். பக்கத்து மேசைகளில் அதைத்தான் பார்த்தேன். மீனவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்போன்ற ஒருவர், அவருடைய மனைவி. சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கும் பானம் இது, சாப்பாட்டோடு குடிப்பதில்லை. கூடவே 'அக்ரா' வரும். உப்புக் கருவாட்டு மீனை ஊறவைத்து உதிர்த்து, மாவும் வெங்காயத்தாளும் மிளகாயும் சேர்த்துப் பொரித்த போண்டா. சூடான அக்ராவும் ஒரு சிப் தி-போன்ஷும் மாறி மாறி. வேறு எந்த காக்டெயிலுக்கும் இவ்வளவு பொருத்தமான தொடுகறி அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிளாந்தரை நான் முழுசாக ஒதுக்கிவிட்டதாக எண்ண வேண்டாம். நல்ல பிளாந்தரை ஃபோர்-து-ஃப்ரான்ஸ் நகரின் பெரிய சந்தையில் குடித்தேன். 1901-இல் கட்டிடக்கலைஞர் ஆன்ரி பிக் எழுப்பிய இரும்புச் சட்டக் கட்டிடம் அது. உள்ளே ஜாதிக்காய், பட்டை, வனிலா, மிளகாய், மசாலாப் பொடிகள் என்று வாசனை முட்டும். மேசைக்கு மேசை பெண்கள் சின்ன பாட்டில்களில் தாங்களே கலந்த பானங்களை வைத்து விற்கிறார்கள், கேட்டால் ஒரு வாய் ருசிபார்க்கத் தருவார்கள். நல்ல பிளாந்தரில் கொய்யாவும் ஆரஞ்சும் அன்னாசியும் அன்றைக்குப் பிழிந்தவையாக இருக்க வேண்டும். ஜாதிக்காய் அப்போது துருவியதாக இருக்க வேண்டும். பழத்தின் புளிப்புக்கு ஈடுகொடுக்கக் காரமான வெள்ளை ரம் தாராளமாக விழவேண்டும். இவை மூன்றும் அமைந்தால் அது வெயிலுக்கு அருமையான பானம். அங்கேயே தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், பட்டை, எலுமிச்சைத் தோல் சேர்த்த 'போன்ஷ் கொக்கோ'வும் கிடைக்கும். பாயாசத்தின் பக்கம் சாய்கிற பானம். எனக்கு ஒரு சின்னக் கோப்பைக்குமேல் முடியவில்லை.

சந்தையில் இன்னொரு பாட்டில் என்னை இழுத்தது: 'ஷ்ரப்'. ஆரஞ்சுத் தோலை வெயிலில் காயவைத்து, வெள்ளை ரம்மில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, வனிலாவும் பட்டையும் கரும்புப்பாகும் சேர்ப்பது. கிறிஸ்துமஸுக்கு உரியது. டிசம்பரில் அண்டை வீட்டார் கூடிக் கிரியோல் மொழிப் பாட்டுகள் பாடும் இரவுகளில் வீடுதோறும் இது ஊற்றப்படும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம். விற்ற பெண்மணி தன் அம்மாவின் அளவை மாற்றாமல் செய்வதாகச் சொன்னார். தோலின் உள்பக்க வெள்ளையைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் கசக்கும் என்று தங்கையிடம் இரண்டு முறை அழுத்திச் சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னார்.

ஓக் பீப்பாயில் முதிர்ந்த ரம்மைப் பற்றிச் சுருக்கமாக. குறைந்தது மூன்று வருஷம் ஊறினால்தான் அதை 'வியூ' என்று அழைக்கலாம். வெப்பத் தீவில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் அளவு குளிர்நாடுகளைவிட மிக அதிகம், ஆகவே விலையும் அதிகம். லெ ஃப்ரான்சுவாவில் உள்ள கிளெமான் தோட்டத்தில் இதைப் பார்க்கலாம். 1887-இல் ஓமேர் கிளெமான் என்ற மருத்துவர், கடனில் முழுகிய ஒரு சர்க்கரைத் தோட்டத்தை வாங்கித் தொடங்கியது. 1991-இல் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரெஞ்சு அதிபர் மித்தெரானும் சந்தித்துப் பேசியது இந்த வீட்டில்தான். அழகான இடம், நல்ல ரம். சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் குடிக்க வேண்டியது. அதைக் காக்டெயிலில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த அழகைப் பார்க்கும்போது அதன் அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டும். சர்க்கரையும் ரம்மும் இந்தத் தீவில் அடிமை உழைப்பில் எழுந்தவை. 1848 ஏப்ரல் 27 அன்று பாரிஸில் அடிமை ஒழிப்பு ஆணை கையெழுத்தானது. அது கப்பலேறி வருவதற்கு முன்பே, மே 22 அன்று, மர்த்தினிக்கின் அடிமைகள் தாங்களே கிளர்ந்தெழுந்து விடுதலையை அறிவிக்கவைத்தார்கள். ரொமேன் என்ற அடிமை பறை அடித்ததற்காகக் கைதானது அந்த எழுச்சிக்குத் தீப்பொறி. மே 22 இன்றும் அங்கே விடுமுறை நாள்.

விடுதலையான மக்களில் பலர் பழைய எஜமானர்களின் கரும்புக் கொல்லைக்குத் திரும்ப மறுத்தார்கள். அப்போது தோட்டக்காரர்கள் ஆள் தேடியது எங்கே? பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும். 1853 மே மாதம் ஓரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தை சேன்-பியேரில் இறக்கியது. அடுத்த முப்பது வருஷத்தில் சுமார் 25,000 பேர் வந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று சொல்லி அழைத்துவந்தார்கள். ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் அங்கேயே கலந்துபோனார்கள்.

தீவின் வடகோடியில் பாஸ்-புவாந்த், மக்கூபா பக்கம் அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாரியம்மனும் மதுரை வீரனும் அங்கே மாரியெமன், மல்தேவிதன் என்ற பெயர்களில் கும்பிடப்படுகிறார்கள், கிடாவெட்டு உண்டு. மொழி போய்விட்டது. சாமி போகவில்லை, மசாலாவும் போகவில்லை. கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் அரைத்த 'கொலொம்போ' பொடியில் செய்த ஆட்டுக்கறி இன்று மர்த்தினிக் முழுவதற்கும் சொந்தமான உணவு, யாரும் அதை இந்தியச் சாப்பாடு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மக்கூபாவில் ஜே.எம். வடிசாலைக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு கடையில் அதைச் சாப்பிட்டோம். தங்கை ஒரு வாய் எடுத்துவிட்டு எதுவும் பேசவில்லை, மறுசோறு கேட்டு வாங்கினாள். நான் அதற்கு முன்னால் குடித்திருந்த தி-போன்ஷில் இருந்த கரும்பு, அந்தச் சரிவுகளில் விளைந்தது. அங்கே வெட்டுக்கத்தி பிடித்தவர்களில் காரைக்காலிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள் என்பதை வெறும் தகவலாக என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பெயர்கூடத் தெரியாத அவர்களுக்காகத்தான் அன்றைக்கு நான் குடித்தேன்.

தெற்கே திரும்பும்போது லெ தியாமானில் நின்று பாருங்கள். கடலைப் பார்த்துப் பதினைந்து வெள்ளைச் சிற்பங்கள், குனிந்த தோள்களோடு நிற்கின்றன. 1830-இல் அங்கே பாறையில் மோதி உடைந்த ஓர் அடிமைக் கப்பலின் நினைவாக, லொரான் வலேர் என்ற சிற்பி 1998-இல் அமைத்தது. அதற்குச் சற்று தூரத்தில் கடற்கரை பார்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டுக்கும் போக வேண்டும் என்பேன், சிற்பங்களுக்கு முதலில்.

கடைசியாக, வாங்கிவருவது பற்றி. இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் அனுமதி. முதிர்ந்த ரம்மின் அழகான பெட்டிகள் கண்ணை இழுக்கும். அவற்றை விட்டுவிட்டு, ஒரு லிட்டர் 50 சதவீத வெள்ளை ரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேறெங்கும் எளிதில் கிடைக்காதது அதுதான். மிச்ச இடத்துக்கு ஒரு பாட்டில் ஷ்ரப். கரும்புப்பாகு சுமந்து வர வேண்டாம், நாட்டுச்சர்க்கரையைச் சம அளவு வெந்நீரில் கரைத்து வடிகட்டினால் போதும். எலுமிச்சையைச் சந்தையில் காய்வெட்டாக, பச்சையாக இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். தோல் மெல்லியதாக, நகம் பட்டால் வாசனை தெறிப்பதாக இருக்க வேண்டும். சில்லு சீவும்போது சதை குறைவாக இருக்கட்டும்.